மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு ஒரு தௌஃபீக்

கல்லங்குறிச்சிப் பெருமாள் சந்நிதிக் கம்பத்தின் மேல் கை வைத்துச் சத்தியம்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது. கூட்டிச் சொன்னது ஒன்றுகூட இல்லை. குறைத்துச் சொன்னது கொஞ்சம் உண்டு. கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்களே என்று சில இடங்களில் குறைக்க வேண்டியிருந்தது.

கீழப்பழுவூர் மேகலா பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவள். ஆரம்பத்தில் டீத்தூள் பற்றிக் கேட்டாள். பிறகு கொசுவர்த்தி, பிறகு செல்போன், பிறகு தேர்தல். இப்போது உலகத்தைப் பற்றிக் கேட்கிற வேலை. ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் இருபத்தாறு நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு, எந்த நாட்டு ஜனங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று வருஷா வருஷம் அறிக்கை போடுகிறது. திருச்சியில் ஒரு மாடி ஆபீஸ் அதற்கு ஆள் கொடுத்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஜில்லாவும் மேகலாவின் முழங்கால்கள் பொறுப்பு.

அந்த முழங்கால்கள்தான் இப்போது மக்கர் செய்தன. படி ஏறினால் இடது முட்டியில் ஒரு சத்தம் வரும். போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அது கேட்டு, டயர் வெடித்ததென்று ஒரு டிரைவர் கீழே இறங்கிப் பார்த்தார்.

திருச்சி ஆபீஸில் ஒரு நாற்காலி காலியாகிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எடுத்து அனுப்புகிற பேட்டிகளைக் காதில் மாட்டிக் கேட்டு, சரியா தப்பா என்று டிக் அடிக்கிற வேலை. உட்கார்ந்த வேலை. நாற்காலிக்குக் கீழே சக்கரம் உண்டு என்று சூப்பர்வைசர் குருமூர்த்தி சொல்லியிருந்தார். "உங்களுக்கு ஒதுக்கின பன்னெண்டு ஊரையும் ஒரு பேட்டி குறையாம முடிச்சுடுங்க மேகலா. உங்க பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். ஒண்ணு குறைஞ்சாலும் மேல இருக்கறவங்ககிட்ட என்னால பேச முடியாது."

பதினோரு ஊர் முடிந்துவிட்டது. சும்மா முடியவில்லை. இந்த சர்வேயில் இஷ்டத்துக்கு ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. ஊரில் ஒரு கோயிலோ பள்ளிக்கூடமோ தொடக்கமாகக் கொடுப்பார்கள். அங்கிருந்து இடது கைப் பக்கமாகவே திரும்பி நடந்து, ஐந்தாவது வீடு, அதற்கடுத்த ஐந்தாவது வீடு என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும். இடது கை எங்கே கொண்டுபோனாலும் போகத்தான் வேண்டும். குன்னத்துப் பக்கம் அது மக்காச்சோளக் காட்டுக்குள் கொண்டுபோனது. மேகலா உள்ளே போகும்போது கதிரில் பால் பிடித்திருந்தது; வெளியே வரும்போது அறுப்பு முடிந்து தட்டையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டிமடத்தில் வெயில் எப்படி என்றால், கேள்விகள் ஏற்றிக் கொடுத்த டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள், அதன் முதுகில் யாரோ காயப்போட்ட முந்திரிப் பருப்பு வறுபட்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தீய்ந்துவிட்டது.

பன்னிரண்டாவது ஊர் லப்பைக்குடிக்காடு. அங்கே எட்டு பேட்டி. ஏழு முடிந்தது. எட்டாவதுதான் தௌஃபீக்.

அந்த வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை மேகலா போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்தவள் மர்ஜியா, தௌஃபீக்கின் மனைவி. உள்ளே மாமியார் ரஷீதா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"ரேஷன் கார்டா?" என்றார் ரஷீதா.

"இல்லீங்க. சர்வே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன தடவை சர்வேன்னுட்டு வந்த பொண்ணு பிரஷர் குக்கர் வித்துட்டுப் போச்சு."

"நான் எதுவும் விக்க மாட்டேங்க. கேக்க மட்டுந்தான் செய்வேன்."

"குக்கராச்சும் வேலைக்காவுது" என்று ரஷீதா மாவைத் திருப்பிப் போட்டார்.

வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர், வயது என்ன என்று டேப்லெட்டில் போட்டால், யாரிடம் பேச வேண்டும் என்று அதுவே குலுக்கிப் போட்டு ஒரு பெயரைச் சொல்லும். சொன்ன பெயரை மாற்ற முடியாது. மர்ஜியா மூன்று பெயர் சொன்னாள். மாமியார், தான், புருஷன்.

"அவங்க குவைத்துல இருக்காங்க அக்கா. ஒரு மாச லீவுல வந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை ஃபிளைட்டு."

மேகலா விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். கடந்த இருபத்தெட்டு நாளில் பாதிக்கு மேல் அந்த வீட்டில் படுத்தவர் அந்த வீட்டு ஆள். தௌஃபீக் வந்து இருபத்தாறு நாள். குவைத்துக்குப் போன பதினாலு வருஷத்தில் அவன் அந்த வீட்டு ஆள்தான் என்பதற்கு எழுத்தில் கிடைத்த முதல் அத்தாட்சி அது.

டேப்லெட் குலுக்கியது. தௌஃபீக், வயது முப்பத்தாறு.

"நான் சொல்றேனே அக்கா" என்றாள் மர்ஜியா. "அவங்களுக்கு இங்க என்ன தெரியும்? கேஸ் சிலிண்டர் எந்தப் பக்கம் திறக்கறதுன்னே நேத்துதான் தெரிஞ்சுக்கிட்டாங்க."

"அவர்கிட்டதாங்க கேக்கணும். மாத்தறதுக்கு விதி இல்ல. எங்க இருக்காரு?"

"வந்த நாள்லேருந்து சாமான் குடுக்கப் போயிருக்காங்க."

அந்த ஊரில் அது ஒரு பழக்கம். சவூதியிலிருந்தோ குவைத்திலிருந்தோ ஒருவன் வருகிறான் என்றால், அங்கே இருக்கிற மற்றவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டுக்கு எதையாவது அவன் கையில் கொடுத்துவிடுவார்கள். பேரீச்சம்பழம், போர்வை, அத்தர், தைலம். முடியாது என்று யாரும் சொல்வதில்லை; அடுத்த தடவை தன் பொருள் இன்னொருவன் கையில் வர வேண்டுமே. திரும்பிப் போகும்போது இங்கிருந்து ஊறுகாய், மிளகாய்ப்பொடி, முறுக்கு. லீவில் வருகிறவனுக்கு லீவில் பாதி இதற்கே போய்விடும். தௌஃபீக் கொண்டுவந்தது எவ்வளவு என்பதைக் குறைத்தே சொல்கிறோம்: திருச்சி விமான நிலையத்திலிருந்து கார் வந்தது, பின்னால் ஒரு மினி லாரி வந்தது.

செவ்வாய்க்கிழமை மேகலா மாலைவரை காத்திருந்துவிட்டு, குன்னத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தாள். சிமெண்ட் லாரிகள் விட்டுப் போன தூசியில், இறங்கும்போது தலை நரைத்திருந்தது. குளித்ததும் பாதிதான் கறுத்தது.

மறுநாள் போனபோது தௌஃபீக் இருந்தான். ஒல்லியான ஆள். சொந்த வீட்டுக் கூடத்திலேயே விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். முதல் வாரம் முழுக்க அவனுடைய ஏழு வயது மகள் அவனோடு நேரில் பேசவில்லையாம். பக்கத்து அறைக்குப் போய், அம்மா ஃபோனிலிருந்து வீடியோ கால் போட்டு, "அத்தா, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுமாம். அது அவ்வளவு நாளும் பார்த்த அத்தா ஃபோனுக்குள் இருப்பவர்தானே.

"என்னை எதுக்குக்கா கேக்கறீங்க?" என்றான் தௌஃபீக். "உலகத்தப் பத்தியெல்லாம் படிச்சவங்களக் கேக்கணும். நான் அங்க ஒரு கோல்டு ஸ்டோரேஜுல மீன் பெட்டி அடுக்கறேன். கதவச் சாத்துனா உள்ள உலகமும் தெரியாது, வெளிய வெயிலும் தெரியாது."

"படிச்சவங்க, படிக்காதவங்க எல்லாரும் வேணுங்க பாய். நாப்பது நிமிஷந்தான்."

"இன்னைக்கு ஆறு வூட்டுக்குப் போவணும். வேணாங்கா. வேற ஆளப் பாருங்க."

வேற ஆளைப் பார்க்க முடியாது என்பதுதானே விஷயம். மேகலா வாசலுக்கு வந்து குருமூர்த்திக்கு ஃபோன் போட்டாள்.

"விட்டுடாதீங்க" என்றார் குருமூர்த்தி. "அந்த ஆளு யாருன்னு தெரியுமா? இந்த ரெண்டு ஜில்லாவுலயும் முப்பதுலேருந்து நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை ஒருத்தர்கூட நம்ம சாம்பிள்ல மாட்டல. பாதிப் பேரு கல்ஃபுல, மீதி திருப்பூர்ல. ஆனா பழைய சென்சஸ்ல அத்தனை பேரும் வூட்லதான் இருக்காங்க. அந்த எண்ணிக்கைக்கு நம்ம ஆளுங்களச் சரிக்கட்டணும். பொம்பளைங்க ஜாஸ்தி வந்திருக்காங்க, ஒருத்தர முக்கால் ஆளா எடுத்துப்பாங்க. ஆம்பளை குறைச்சல், ஒருத்தர ரெண்டு ஆளா எடுத்துப்பாங்க. இந்த வயசுல இருக்கறது இவரு ஒருத்தர்தான். அதனால அத்தனை பேருக்கும் இவரு பதில்தான் பதில்."

"எத்தனை பேருக்கு சார்?"

குருமூர்த்தி கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. "மூணு லட்சத்து நாப்பதாயிரம்."

"ஒரே ஆளுக்கா?"

"வழக்கமா இவ்வளவு விட மாட்டாங்க. ஒருத்தர் பதில் அஞ்சு மடங்குக்கு மேல போகாம ஒரு வரம்பு போட்டு நறுக்கிடுவாங்க. நறுக்கற வெள்ளைக்காரன் இந்தத் தடவை பிரசவ லீவுல போயிட்டான். அவன் பொண்டாட்டிக்குத்தான் பிரசவம், ஆனா அங்க புருஷனுக்கும் லீவு உண்டாம். எப்படியாவது பேசிச் சம்மதிக்க வைங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு சர்வர் மூடிடும்."

மேகலா உள்ளே போனாள். களைப்பில் இருந்தாள். களைப்பில் இருக்கிறவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். பொய்க்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"பாய், இந்த வயசு ஆம்பளைங்க எல்லாம் வெளியூர்ல இருக்காங்க. அவங்களையெல்லாம் நாங்க போய்க் கேக்க முடியாது. அவங்க எல்லாருக்கும் சேர்த்து நீங்க சொல்றதத்தான் எடுத்துப்பாங்க. மூணு லட்சத்து நாப்பதாயிரம் பேருக்கு."

தௌஃபீக் விரல்களை மடக்கி எதையோ எண்ணினான். பிறகு எழுந்து சட்டையை மாட்டினான்.

"அப்ப அவங்களக் கேக்காம நான் எப்படிக்கா சொல்றது?"

"இல்லீங்க, நீங்க உங்க மனசுல..."

"ஊறுகா குடுத்தாலே ஊறுகாயாத்தான் கொண்டுபோய்ச் சேக்கறோம். ஒருத்தர் மாங்கா குடுத்து நான் எலுமிச்சையக் குடுத்தா ஒத்துப்பாங்களா? இது அவங்க மனசு. வெள்ளிக்கிழமை வாங்க. ரெண்டு நாள்ல எல்லாத்தையும் வாங்கி வைக்கறேன், இன்ஷா அல்லாஹ்."

தப்பு எங்கே நடந்தது என்று மேகலாவுக்கு அப்போதே தெரிந்தது. திருத்திச் சொல்ல வாயெடுத்தாள். அவன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ரஷீதா ஒரு முறுக்கை அவள் கையில் கொடுத்து, "தின்னும்மா. முகமெல்லாம் வத்திப்போய்க் கெடக்கு" என்றார்.

அந்த இரண்டு நாளில் நடந்தவற்றை நம்பாதவர்கள் ரியாத்துக்கு ஃபோன் போட்டு ஷஃபியுல்லாவைக் கேட்கலாம். தௌஃபீக்கின் பள்ளிக்கூடச் சிநேகிதன். உங்க மனசுல என்னன்னு தௌஃபீக் ஃபோனில் கேட்டதற்கு வந்த முதல் வாய்ஸ் மெசேஜ் அவனுடையதுதான். "மச்சான், அமெரிக்கா பத்திக் கேட்டா சுமார்னு சொல்லு. நல்லதுன்னும் சொல்லாத, கெட்டதுன்னும் சொல்லாத. எங்க கம்பெனியில பாதி கான்ட்ராக்ட் அவங்களோடது." அதற்கடுத்து அதே அறையில் அடுத்த கட்டிலில் இருக்கிறவன் எதிர்த்து ஒன்று அனுப்பினான். அன்று இரவிலிருந்து அந்த அறையில் இரண்டு உலை வைத்துச் சமைக்கிறார்கள். குவைத்தில் ஒரு கேம்ப்பில் அறுநூறு பேர் வேலை முடிந்து வந்த கையோடு வரிசையாக நின்று கை தூக்கி முடிவெடுத்தார்கள். ஒரு கப்பல்காரன் நடுக்கடலிலிருந்து சிக்னல் கிடைக்காமல், கடந்துபோன இன்னொரு கப்பலுக்குக் கொடி காட்டிச் சேதி அனுப்பினான். மலேசியாக்காரர்கள் தங்களைக் கல்ஃபோடு சேர்த்தது சரியில்லை என்று தனி ஆள் கேட்டார்கள். எந்தக் கேள்வி கேட்கப்போகிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் பதில் அனுப்பினார்கள். மீன் விலை, மச்சினன் நடத்தை, சந்திரனில் தண்ணீர் உண்டா என்பது உட்பட.

ஊரில் இருக்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா? "எங்க வூட்டுக்காரரு அப்படிச் சொல்லியிருந்தா அத நம்பாதீங்க. அவரு மனசுல இருக்கறது இதுதான்" என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். புருஷனுக்கு அனுப்புகிற மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தோடு சேர்த்தே கட்டியிருந்ததால் பாதிச் சீட்டைப் படிக்கும்போது தும்மல் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மேகலா போனபோது அந்தத் தெருவுக்குள் ஆட்டோ போகவில்லை. நடந்தாள். கூடத்தில் வழியனுப்ப வந்த கூட்டம். நடுவில் நைலான் கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. நாலு பக்கமும் மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுதியிருந்தது: 'கருத்து. தௌஃபீக் கையில்.'

"எல்லாம் இதுக்குள்ள இருக்குக்கா" என்றான் தௌஃபீக். கண் சிவந்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்கவில்லை. "ஃபோன்ல வந்ததையும் எழுதி வச்சிட்டேன். நீங்க கேள்வியச் சொல்லுங்க, நான் பாத்துப் பாத்துச் சொல்றேன்."

மேகலா சுவரில் சாய்ந்துகொண்டாள். முட்டி வலித்தது. மணி நாலரை. ஆறு மணிக்கு அவனுக்கு வண்டி. ஆறு மணிக்கு அவளுக்கு சர்வர்.

"பாய், நான் அன்னைக்கே சரியாச் சொல்லல. என் தப்புதான். இது அவங்க பதில் இல்லீங்க. உங்க பதில் மட்டுந்தான் வேணும்."

"மூணு லட்சம் பேருன்னு சொன்னீங்களே?"

"உங்க பதில அவங்களுக்கும்னு வச்சுப்பாங்க. அவங்கள யாரும் கேக்க மாட்டாங்க."

பின்னாலிருந்து ஒரு பெண், "கேக்காமலே வச்சுப்பாங்களா? அதுக்கு நாங்க ஒரு வாரமா எழுதுனோமா?" என்றாள்.

"ரெண்டு நாளுதானடி ஆச்சு" என்றது இன்னொரு குரல்.

"எழுதறவளுக்குத்தான் தெரியும் அது எத்தனை நாளுன்னு."

மேகலா இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. டேப்லெட் தனக்குத் தோன்றும்போது குரலைப் பதிவு செய்யும். அதில் வேறு ஆள் குரல் கேட்டால் பேட்டி செல்லாது. வீட்டிலிருந்து ஐம்பது மீட்டருக்கு மேல் நகர்ந்தாலும் செல்லாது. அந்த வீட்டில் ஆளில்லாத இடம் எது? மொட்டை மாடிதான். பத்தொன்பது படி. மேகலா ஏறினாள். இடது முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் கொடுத்தது. கீழே குழந்தைகள் எண்ணின.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் வெள்ளாறு மணலாகக் கிடந்தது. மணி ஐந்து ஐந்துக்கு முதல் கேள்வி. மொத்தம் அறுபத்துநாலு.

நாடுகளைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் தௌஃபீக் ஒழுங்காகச் சொன்னான். ஒவ்வொரு நாட்டையும் தன் கோல்டு ஸ்டோரேஜில் ஓர் ஆளாக அவனுக்குத் தெரியும். எகிப்து என்றால் பெட்டியை மெதுவாக வைக்கிற ஒருவர். பிலிப்பைன்ஸ் என்றால் பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் நூடுல்ஸ் செய்கிறவன். சிக்கல் உள்ளூர்க் கேள்விகளில் வந்தது.

"உங்க பகுதியில குடிதண்ணி வசதி எப்படிங்க? நல்லாருக்கு, சுமார், மோசம்."

"நான் இருந்த இருபத்தொம்பது நாளும் வந்துச்சு. மத்த நாளு தெரியாதுக்கா."

"பள்ளிக்கூடங்க?"

"தெரியாதுக்கா."

"பக்கத்து வீட்டுக்காரங்கள நம்பலாமா, கவனமா இருக்கணுமா?"

"பக்கத்து வூட்டுக்காரரு துபாய்ல இருக்காரு. அங்க வேணா நல்ல மனுஷன். இங்க எப்படின்னு தெரியாது."

அறுபத்துமூன்றாவது கேள்வி முடிந்தபோது மணி ஐந்து நாற்பத்தொன்று. பத்து 'தெரியாது' ஆகியிருந்தது. பத்துவரை டேப்லெட் பொறுத்துக்கொள்ளும். பதினொன்று வந்தால் பேட்டி முழுமை இல்லை என்று மொத்தத்தையும் தள்ளிவிடும். மேகலாவுக்கு அது தெரியும். தௌஃபீக்குக்குத் தெரியாது; சொல்லவும் கூடாது.

"கடைசிக் கேள்விங்க பாய். இன்னைக்குச் சின்னப் பிள்ளைங்களா இருக்கறவங்க பெரியவங்களாகும்போது, அவங்க அப்பா அம்மாவ விட நல்லா இருப்பாங்களா, மோசமா இருப்பாங்களா?"

கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. யாரோ பெட்டிகளைத் தூக்கினார்கள். "அடியில முறுக்கு இருக்கு, பாத்து" என்று ரஷீதாவின் குரல் கேட்டது.

"பெட்டியில இருக்கறதச் சொல்லவா?" என்றான். "முன்னூத்திப் பன்னெண்டு பேரு நல்லா இருப்பாங்கன்னு எழுதியிருக்காங்க. அதுக்குத்தானே இங்க வந்து கெடக்கறோம்னு."

"அது அவங்களுது. உங்களுது?"

"உங்க பிள்ளைங்க எப்படிக்கா?"

மேகலாவுக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் நர்ஸிங். பத்தொன்பது வருஷத்தில் மேகலாவிடம் யாரும் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டதில்லை, மதியம் சாப்பிட்டியா என்பதைத் தவிர. "எனக்கு அந்தக் கேள்வி கெடையாதுங்க" என்றாள்.

டேப்லெட்டில் நாலு கட்டம் இருந்தன. ஒன்று, நல்லா இருப்பாங்க. இரண்டு, மோசமா இருப்பாங்க. நாலு, தெரியாது. நடுவில் மூன்றாவது ஒன்று: அப்படியேதான் இருப்பாங்க. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'வாசிக்காதே. அவராகச் சொன்னால் மட்டும்' என்று போட்டிருந்தது. கேள்வியை இன்னொரு தரம் நிதானமாக வாசிக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. ஒன்றாம் கட்டத்தில் விரலை வைத்தால் முடிந்தது, திருச்சி நாற்காலி கைக்கு வந்துவிடும். விரல் அந்தக் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. முட்டிகள் இரண்டும் அமுக்கு அமுக்கு என்றன.

அவள் கேள்வியை இன்னொரு தரம் வாசித்தாள். நிதானமாக.

ஐந்து நாற்பத்தெட்டு. தௌஃபீக்கின் ஃபோன் அடித்தது. வீடியோ கால். கீழே கூடத்திலிருந்து மகள். எடுத்தால் குரல் பதிவாகிவிடும் என்று மேகலா கையை மட்டும் அசைத்தாள். அவன் எடுக்கவில்லை. திரையில் மகளின் படம் விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அது அடித்து ஓய்ந்தது.

"எம் மவ நல்லாப் படிக்குது" என்றான். "பெரிய வேலைக்குப் போவும். எங்கயாச்சும் வெளிநாட்டுலதான் இருக்கும். அதுக்கு ஒரு புள்ள பொறக்கும். சாப்டியாடின்னு ஃபோன்ல கேக்கும்." ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "சம்பளம் கூடலாம். மத்தபடி என்னய மாதிரியேதாங்கா இருக்கும். அப்படியேதான்."

மேகலா மூன்றாவது கட்டத்தை அமுக்கினாள்.

மாடியில் சிக்னல் ஒரு கோடுதான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டேப்லெட்டைத் தொட்டியின் மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் பச்சை டிக் வந்தது. கீழே இறங்குவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. மர்ஜியா வாசலில் நின்றிருந்தாள். காலடியில் அந்த அட்டைப்பெட்டி.

"இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க அக்கா. அங்க கொண்டுபோனா குடுத்தவங்களுக்கே திருப்பிக் குடுக்கற மாதிரி ஆயிடுமாம்."

"நான் என்னங்க செய்றது இத வச்சு?"

"தெரியாதுக்கா" என்றாள் மர்ஜியா. "வாங்கி வச்சதத் தூக்கிப் போடக்கூடாதுல்ல."

மேகலா அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குன்னம்வரை வந்தாள். அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர், உள்ளே என்ன என்றார். கருத்து என்றாள். அவர் ஒரு முறை பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் கிழிக்காமல் போனார்.

அடுத்த மாதம் திருச்சியில் நாற்காலி கிடைத்தது. சக்கரம் இருந்தது, அதில் ஒன்று உருளாது. மேசைக்கு அடியில் அந்த அட்டைப்பெட்டியை வைத்து அதன் மேல் காலை நீட்டிக்கொள்கிறாள். முட்டிக்கு இதம். பெட்டிக்குள் யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் போனால் மட்டும் குருமூர்த்திக்குத் தும்மல் வருகிறது.

எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. இந்தியாவுக்கான படத்தில் 'அப்படியேதான் இருப்பாங்க' என்ற பட்டை மட்டும் போன வருஷத்தைவிட ஒரு நூல் உயரமாக நின்றது. அது ஏன் என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் மூன்று பேர் பதினாறு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். லப்பைக்குடிக்காடு என்ற சொல் அதில் இல்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எப்படி எடுத்தோம் என்று பொடி எழுத்தில் சொல்லியிருக்கிற இடத்தில், ஒரு வரி இருக்கிறது: அந்த வருஷம் இந்தியாவில் எல்லாப் பேட்டிகளும் தொலைபேசியிலேயே எடுக்கப்பட்டன, நேரில் எந்த வீட்டுக்கும் யாரும் அனுப்பப்படவில்லை.